காலி வேகனின் எடை

"காலி வேகன்தானேன்னு கண்ணு மண்ணு தெரியாமத் தள்ளி மோத விட்டுட்டான், சார். இவனை வேலையில வெச்சிருக்கக் கூடாது" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர் வேணுகோபால்.

1944. அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன். பேர் வேண்டாம், வம்பு. சுண்ணாம்புக்கல் ஏற்றி நின்றிருந்த வேகன்மீது, நாலு போர்ட்டர்கள் கையால் தள்ளி வந்த வேகன் முட்டியது. இரண்டும் ஒட்டினாற்போல் உருண்டு, ரயில்வே கேட்டை உடைத்துவிட்டன. விசாரணை வருவதற்குள் இரண்டு வேகனும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டன.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் வைத்திலிங்கம் திருச்சியில் பௌதிகம் படித்தவர். இருபது வருஷ சர்வீஸில் அந்தப் படிப்புக்கு வேலை வந்தது இன்றைக்குத்தான். மனுஷருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"என்ன வேகத்துல தள்ளினே?"

"நடக்கிற வேகந்தாங்க, எசமான்" என்றான் போர்ட்டர் அடைக்கலசாமி, ஏலாக்குறிச்சிக்காரன். வேலை போனால் வீட்டில் ஆறு வயிறு காயும்.

"முட்டின பிறகு?"

"ரெண்டும் சேந்து உருண்டுச்சு. பயந்துபோயி மாதாவை வேண்டிக்கிட்டே கூட நடந்தேங்க. ஒம்போது பிரியதத்த மந்திரம் முடியவும், கேட்டுல இடிக்கவும் சரியா இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் பாக்கெட் கடிகாரத்தை எடுத்தார்.

"எங்கே, ஒரு மந்திரம் சொல்லு."

பத்து விநாடி. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அதுவும் பத்து. தினம் சொல்லிப் பழகிய வாய் அது. ஒன்பதுக்குத் தொண்ணூறு விநாடி. முட்டிய இடத்திலிருந்து கேட் வரை தூரம் எண்பத்தெட்டு கஜம். மணிக்கு இரண்டு மைல் வேகம்!

"எடையை வேகத்தால பெருக்கினா வர்றது, முட்டுறதுக்கு முன்னாடி எவ்வளவோ பின்னாடியும் அவ்வளவுதான். இதுதான் மொமெண்டம்" என்று யாரும் கேட்காமலே விளக்கினார்.

காலி வேகன் எட்டு டன். கல் வேகன் இருபத்துநாலு. முப்பத்திரண்டு டன், இரண்டு மைல், பெருக்கினால் அறுபத்துநாலு. அத்தனையையும் எட்டு டன் வேகன் தனியாகக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

"அப்படின்னா எட்டு மைல் வேகம்!"

"நான் சொல்லல?" என்றார் வேணுகோபால்.

அடைக்கலசாமிக்கு முகம் செத்துவிட்டது.

ஆனாலும் இன்ஸ்பெக்டருக்கு ஏதோ உறுத்தியது. அதே நாலு பேரை விட்டு நிஜமான காலி வேகன் ஒன்றைத் தள்ளச் சொன்னார். நாக்குத் தள்ள ஓடியும் ஐந்து மைலைத் தாண்டவில்லை.

கணக்கைத் திருப்பிப் போட்டார்.

"நடக்கிற வேகம் நாலு. முட்டின பிறகு ரெண்டு. சரிபாதி! அப்படின்னா வந்ததும் நின்னதும் ஒரே எடை... அடைக்கலசாமி, அந்த வேகன் காலியா?"

"காலின்னு ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா எழுதியிருக்காருங்க. எழுத்துக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?"

"உன் வேலைக்கு நான் பொறுப்பு. பயப்படாம வெளியே இரு."

அவன் கும்பிட்டுவிட்டு அழுதுகொண்டே போனான்.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "பதினாறு டன் சரக்கு, வேணுகோபால். என்ன அது?"

"நெல்லு சார். பெர்மிட் கிடையாது."

"யுத்த காலத்துல இதுக்கு ஜெயில், தெரியுமில்ல?"

"தெரியும் சார்." வேணுகோபால் நிதானமாகக் கதவைச் சாத்தினார். "திருச்சியில உங்க சம்பந்தி மில்லுக்குத்தான் போவுது. மாசம் ரெண்டு வேகன். வேணும்னா அவரையே கேளுங்களேன்."

பெண்ணைக் கொடுத்த இடம். இன்ஸ்பெக்டர் கணக்குத் தாளை இன்னொரு தரம் சரிபார்த்தார். ஓர் எண்கூடத் தப்பில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு வெளியே பார்த்துக் கூப்பிட்டார்.

"அடைக்கலசாமி, நல்லா யோசிச்சுச் சொல்லு. அன்னிக்கு நீங்க நாலு பேரும் ஓடித்தானே தள்ளினீங்க?"