எழ மறுத்த வெள்ளணு

இரத்தத்தில் ஒரு வெள்ளணு ஓய்வாகக் கிடந்தது. அதற்குள் ஒரு எச்.ஐ.வி. கிருமி குடியேறி, சத்தம் காட்டாமல் பதுங்கியிருந்தது.

அபாயச் சேதி சொல்லும் புரதம் ஒன்று ஓடிவந்து வெள்ளணுவின் கதவைத் தட்டியது. "நுரையீரல்ல எதிரி நுழைஞ்சுட்டான். எல்லாரும் எழுந்து, உங்களை நகலெடுத்துப் பெருக்குற இயந்திரத்தை ஓடவிடுங்க."

சேதி வந்தால் எழுவதுதான் வெள்ளணுக்களின் வழக்கம். இதுவும் எழப்போனது. அதற்குள் கிருமி முந்திக்கொண்டது. "கூப்பிடுறாங்கல்ல, சீக்கிரம் எழுந்திரு. கடமைன்னு ஒண்ணு இருக்கே."

வெள்ளணு பாதியில் நின்றது. "என் கடமையிலே உனக்கென்ன இவ்வளவு அவசரம்? போன தடவை பக்கத்து அணு இப்படித்தான் எழுந்துச்சு. அது ஓடவிட்ட இயந்திரத்திலேயே உன் ஆளுங்க தங்களை நகலெடுத்துக்கிட்டு கூட்டமா வெளியே போனாங்க. அது செத்துப்போச்சு."

சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

வாசலில் நின்ற புரதத்துக்குக் கோபம் வந்தது. "ஊரே சண்டைக்குக் கிளம்புது, நீ படுத்துக் கிடக்கிறே. கோழை."

"கோழைன்னே சொல்லிக்கோ. என் இயந்திரம் ஓடாது."

புரதம் திட்டிக்கொண்டே அடுத்த கதவுக்குப் போனது. கிருமி குழைந்து பேசியது. "எத்தனை நாளைக்கு இப்படியே கிடப்பே?"

"சாகிற வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நீயும் என்கூடத்தான் சாகப்போறே. ஒரு நகல்கூட இல்லாம."