லிசாந்த்ரோவின் கடைசி ஆட்டம்

“லிசாந்த்ரோ! லிசாந்த்ரோ!” என்று சான் பெத்ரோ பேஸ்பால் மைதானமே எழுந்து நின்று கத்தியது. அவனைப் பெற்ற எனேரியா மட்டும் கைகளை மடியில் போட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று கை வலிக்கத் தட்டிக்கொண்டிருந்த மருமகள் யஹாய்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளையின் கடைசி ஆட்டம். கொஞ்சம் முன்னால்தான், இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே புழுதியில் விழுந்து, தரையோடு சீறி வந்த பந்தை வாரியெடுத்து வீசி, ஆளை அவுட்டாக்கி ஆட்டத்தையே முடித்திருந்தான். அந்த இடத்தைக் காக்க, இந்த நாட்டில் அவனைப்போல் ஒரு ஷார்ட்ஸ்டாப் இனிமேல்தான் பிறக்க வேண்டும். பெற்றவள் என்னடாவென்றால் எழவு வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்!

“அத்தை, ஊரே உங்க பிள்ளை பேரைக் கத்துது. நீங்க ஒரு தடவை கூப்பிடக் கூடாதா? கல்யாணமாகி வந்த நாள்லேருந்து பாக்குறேன், வாயைத் திறந்தா ‘மகனே, மகனே’தான். அந்தப் பேர் என்ன நாக்கைச் சுட்டுடுமா?”

எனேரியா மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

யஹாய்ராவுக்குக் காரணம் தெரியாமலில்லை. கரும்புத்தோட்டத்தில் குடியிருந்த காலத்தில், இருபது வயதில் காய்ச்சல் கண்டு செத்துப்போன மூத்தவன் ஃபவுஸ்தோதான் கிழவிக்கு எல்லாம். இருக்கிறவன் அமெரிக்காவில் ஆடிச் சம்பாதித்து வீடு கட்டிக் கொடுத்தான். ஆனாலும் கண்ணீரெல்லாம் போனவனுக்குத்தான். பாவம் என் புருஷன் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

“பதினேழு வயதில் அமெரிக்காக்காரர்கள் கொத்திக்கொண்டு போன நம்ம ஊர்ப் பிள்ளை, இதோ முப்பத்தைந்து வயதில் விடைபெறுகிறார்!” என்று மைக் அலறியது.

பின்வரிசையில் ரம் பாட்டிலும் கையுமாக நின்றவன் சும்மா இருப்பானா? “பதினேழுங்கிறதால தப்பிச்சான்! என் அக்கா பையன் இவனைவிடப் பிரமாதமா ஆடுவான். பத்தொம்பதுன்னு சொன்னதும், ‘தாத்தா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க’ன்னுட்டான் ஆள் எடுக்க வந்த வெள்ளைக்காரன்!”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனேரியா முந்திக்கொண்டு எழுந்து வெளியே நடந்தாள்.

மாலைகளையும் முத்தங்களையும் சமாளித்துக்கொண்டு, காலைத் தாங்கித் தாங்கி வண்டியருகே வந்தான் லிசாந்த்ரோ.

“வா கிழவா,” என்று யஹாய்ரா அவன் கன்னத்தைக் கிள்ளினாள். “உன் முட்டி போடுற சத்தத்துக்கு எங்கப்பாவே தேவலாம்.”

அவன் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் போனான். எனேரியா அவனுடைய காய்த்துப்போன கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“முடிஞ்சுதா மகனே?”

“முடிஞ்சுதும்மா.”

“இனிமே எவனும் உன்னை வந்து ஆடுன்னு கேக்க மாட்டானே?”

“மாட்டாங்க.”

“அப்போ கல்லறைக்கு வா. ஒரே ஒரு தடவை. நான் கண்ணை மூடறதுக்குள்ள நீ அங்க வந்து நின்னாப் போதும்.”

அவன் முகம் செத்துப்போயிற்று. இத்தனை வருஷமும் அவள் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். “ஆட்டக்காரன் கல்லறை மண்ணை மிதிச்சா கை விளங்காதும்மா” என்று அவனும் நழுவிக்கொண்டே இருந்தான். கல்லறைத் திருநாள்தோறும் கிழவி தனியாகத்தான் மெழுகுவர்த்தியோடு பஸ் ஏறுவாள்.

“நாளைக்குப் பாக்கலாமேம்மா...” என்று இழுத்தான்.

மாமியார்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், யஹாய்ராவுக்கு இது பொறுக்கவில்லை. “அதான் ஆட்டமே முடிஞ்சுதே, இன்னும் என்ன கை விளங்காது? கூடப் பிறந்தவன் படுத்திருக்கான், எட்டிக்கூடப் பாக்க மாட்டியா? நீயெல்லாம் ஒரு மனுஷனா? ஏறு வண்டியில!”

அந்தக் கரும்புத்தோட்டத்தில் இப்போது பழைய ஆள் ஒருவரும் இல்லை. ஆலையை மூடியதும் பிழைப்புத் தேடித் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். புதர் மண்டிய சிலுவைகளுக்கு நடுவே ஒன்றுமட்டும் சுத்தமாக வெள்ளையடித்திருந்தது. ஃபவுஸ்தோ என்று கறுப்பு எழுத்தில் பெயர்.

முகத்துக்கு நேரே வந்த பந்துக்கெல்லாம் இமைக்காத மனுஷன், அந்தப் பெயரைப் பார்த்ததும் ஆடிப்போனான். எனேரியா அவன் முழங்கையைப் பிடித்து முன்னால் நகர்த்தினாள். ஓரடி வைத்தான். அவ்வளவுதான், அப்படியே மண்ணில் விழுந்து புரண்டான்.

“என்னை மன்னிச்சிடுடா! எல்லாத்தையும் நானே வாரிக்கிட்டேனேடா! உனக்குன்னு ஒண்ணுமே விடலியேடா!”

உயிரோடு இருக்கிற குற்றத்துக்கு ஒரு மனுஷன் இவ்வளவு அழுவானா என்று யஹாய்ராவும் அழுதாள். இத்தனை காலம் மாமியாரைக் கரித்துக் கொட்டியதற்கு அந்த இடத்திலேயே காலில் விழலாம்போல் இருந்தது.

எனேரியா கால்களை மடக்கி மெல்ல அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாவாடை நுனியால் அவன் முகத்து மண்ணைத் துடைத்து, தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“அழாதேடா. உன் தம்பி பேரை அவன்கிட்டயே விட்டுட்டு, உன் பேரை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா, ஃபவுஸ்தோ.”