தும்பி உட்கார்ந்த விரல்

குடியிருப்பில் அவரைப் 'பசுமையார்' என்பார்கள். வீட்டில் ஒரு தொட்டிச் செடிகூடக் கிடையாது. இயற்கையைப் பற்றி வீடியோ போடுகிறவர், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி, மகளோடு ஏரிக்குப் போனார். போனை ஸ்டாண்டில் வைத்து, "நான் இயற்கையோடு ஒன்றிவிட்டேன்" என்றார். காற்றில் முடி கலைந்துவிட்டதால் மறுபடியும் ஒன்றினார்.

"அப்பா, என் விரல்ல தும்பி உக்காந்திருக்கு. இங்க பாருங்களேன்!"

"குறுக்க வராத செல்லம். வீட்டுக்குப் போய் வீடியோல பாத்துக்கறேன்."

"நேர்ல பாத்தா கண்ணு வலிக்குமா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

சாயங்காலம் வீடியோவை டிவியில் போட்டார். அதில் அவர் பேசி முடித்தார், மூவரும் காரில் ஏறினார்கள், கார் போய்விட்டது. உண்மையில் கார் கிளம்பிய நேரத்தில் போன் அவர் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் வீடியோ முடியவில்லை. கரையில் மகள் விரலை நீட்டியபடி நின்றிருந்தாள்.

"அப்பா, இங்க பாருங்களேன்."

அவர் சோபாவைத் திரும்பிப் பார்த்தார். அங்கேயும் மகள் இருந்தாள், கையில் அம்மாவின் போனோடு.

"செல்லம், அந்தத் தும்பி என்னாச்சு?"

"எந்தத் தும்பிப்பா?" அவள் நிமிரவில்லை.

இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். எது தன் மகள் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எதையுமே அவர் சரியாகப் பார்த்ததில்லை.

தான் இயற்கையோடு ஒன்றிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்து இணையத்தில் போட்டார். முதல் லைக் சோபாவிலிருந்து வந்தது.

டிவியில் ஏரி இருட்டிக்கொண்டு வந்தது. தும்பி பறந்துவிடக் கூடாதே என்று அந்தக் குழந்தை விரலை அசைக்காமல் நின்றாள்.