ஒரு கரண்டி காரம்

சின்னக்கா இன்னொரு கரண்டி மிளகாய் விழுதை அள்ளியதும் சசிகலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதுங்க்கா. மாப்ள வூட்டுக்காரங்க தின்னுட்டுச் சாவறதா?"

"கைய வுடு."

"காலைல அந்தம்மா பேசுனது தப்புத்தான். அதுக்காக இப்படியா?"

சின்னக்கா கையை விடுவித்துக்கொண்டாள். விழுது பாகில் விழுந்தது.

கம்பைநல்லூரில் நஞ்சப்பன் வீட்டில் அன்று நிச்சயதார்த்தம். மகள் பிரியதர்ஷினிக்கு ஓசூர் மாப்பிள்ளை, கம்பெனி வேலை. "போன்லயே கெட்ட வார்த்தைல கத்தறாருப்பா" என்று மகள் சொன்னதை, "கல்யாணம் ஆனா சரியாயிரும்" என்று நஞ்சப்பன் அதோடு முடித்துவிட்டார். சமையலுக்குச் சித்தேரி மலையிலிருந்து சின்னக்காவை வரவழைத்திருந்தார். சசிகலா அவளுக்குக் கூடமாட உதவி.

காலையில் வேனைவிட்டு இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா தீர்த்தம்மாள், நேராகப் பின்கட்டுக்கு வந்து சின்னக்காவை மேலும் கீழும் பார்த்தாள்.

"மலைக்காரியா சமைக்கிறா? எங்காளுங்க எப்படித் தின்பாங்க?"

"கைப்பக்குவம் நல்லா இருக்குங்க" என்று நஞ்சப்பன் குழைந்தார்.

"அப்போ எம் பையனுக்குப் பன்னீரப் பொரிச்சு, தேனும் மிளகாயும் போட்டுப் பெரட்டித் தரச் சொல்லுங்க. ஓட்டல்ல தர்ற மாதிரி இருக்கணும். இவ பன்னீரக் கண்ணுல பாத்திருப்பாளோ என்னவோ."

சின்னக்கா வெங்காயத்தை வெடுக் வெடுக்கென்று நறுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து சசிகலா தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியபோது, பிரியதர்ஷினி காபித் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

சோள மாவில் புரட்டிய பன்னீர்த் துண்டுகள் எண்ணெயில் பொரிந்து சிவந்தன. சின்னக்கா அவற்றை வடித்து, தேனும் பூண்டும் மிளகாய் விழுதும் கொதிக்கிற பாகில் கொட்டி, வாணலியைத் தூக்கிக் குலுக்கினாள். துண்டுகள் பளபளவென்று மின்னின. வாசம் பந்தல் வரைக்கும் போனது.

"மொதல்ல இனிப்புதான் தெரியும். காரம் பின்னாலதான் ஏறும்" என்றாள் சசிகலா.

"தெரியும். மொதத் தட்டு மாப்ளைக்கு. போ."

பந்தலில் தீர்த்தம்மாள் பேசிக்கொண்டிருந்தாள். "பொண்ணு இனிமே வேலைக்கெல்லாம் போவ வேணாம். போன் கீனும் தேவையில்ல." நஞ்சப்பன் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்று தலையாட்டினார். பிரியதர்ஷினி குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

மாப்பிள்ளை மாதவராஜ் இரண்டு துண்டுகளை ஒன்றாக வாயில் போட்டான். மென்றான். அம்மாவைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்பதுபோல் தலையசைத்தான்.

அடுத்த நொடி அவன் முகம் ரத்தமாகச் சிவந்தது. தட்டு பறந்து பந்தல் காலில் மோதியது.

"எவடி இத ஆக்குனது?"

விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போனான். எல்லாரும் பின்னாலேயே ஓடினார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் சின்னக்காவின் கன்னத்தில் பளாரென்று அறை விழுந்திருந்தது.

நஞ்சப்பன் குறுக்கே புகுந்தார். "மாப்ள, காரம் கூடிப்போச்சு, ஒத்துக்கறேன். அதுக்காக வயசுல மூத்த பொம்பளய அடிப்பீங்களா?"

"நீ தள்ளுய்யா" என்று அவரையும் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான் மாதவராஜ்.

தீர்த்தம்மாள் மகனுக்கு மோர் கொடுத்துக்கொண்டே சொன்னாள். "கோவம் வந்தா அவன் அப்படித்தாங்க. வூட்லயும் கை நீட்டுவான். அரை மணி நேரத்துல சரியாயிருவான். உங்க பொண்ணு போவப் போவப் பழகிக்குவா."

நஞ்சப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணு எதையும் பழகிக்க வேணாம்" என்றார். "கொண்டாந்த சீர்த் தட்டையெல்லாம் எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

"ஒரு சமையக்காரிக்காகவா எங்களத் தொரத்தற?"

"கெளம்புங்கன்னேன்."

வேன்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. நஞ்சப்பன் பந்தலில் துண்டால் முகத்தை மூடி உட்கார்ந்துவிட்டார். சொந்தக்காரர்களின் ஆத்திரமெல்லாம் சின்னக்கா மேல் திரும்பியது.

"உன்னாலதான் நல்ல சம்பந்தம் நின்னு போச்சு. இனிமே எங்க விசேசத்துல நீ அடுப்புப் பத்த வைக்கறதப் பாத்துர்றோம்."

சின்னக்கா வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திட்டிக் களைத்து ஒவ்வொருவராகப் போனார்கள்.

கடைசியாகப் பட்டுப் புடவையோடு பிரியதர்ஷினி வந்தாள். இவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று பயந்து சசிகலா தள்ளி நின்றாள். பிரியதர்ஷினி சின்னக்காவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரத்துணியை அவள் கன்னத்தில் ஒற்றினாள்.

"உங்கள அடிப்பாருன்னு நெனைக்கலக்கா. கத்துவாரு, எங்கப்பா காதுல வுழும்னுதான் நெனச்சேன்."

"அது கெடக்குது வுடு."

"மிச்சம் இருந்ததுல ஒரு துண்டு தின்னு பாத்தேன். நான் போடச் சொன்னதவிட ஒரு கரண்டி கூட இருக்குதேக்கா."

சின்னக்கா தேய்ப்பதை நிறுத்தாமல் சொன்னாள்.

"அது என் கணக்கு, கண்ணு."