இழுவைக் கொக்கி

வாகனக் கடை முற்றத்தில், மகளைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அவள் வாகனத்தின் பின்னால் குனிந்து கொக்கி பொருத்தும் இடத்தைத் தேடினாள்.

முன்பக்கம் கணவன் கதவைத் திறந்து திறந்து சாத்திக்கொண்டிருந்தான். கதவு சாத்தும் சத்தத்தை வைத்துத்தான் அவன் வாகனத்தை எடைபோடுவான்.

இது எவ்வளவு பாரம் இழுக்கும் என்று விற்பனை செய்யும் இளைஞனிடம் கேட்டாள். குரல் நடுங்காமல் வந்தது. அதுவே அவளுக்குப் பெரிய காரியமாக இருந்தது.

இளைஞன் உதட்டைப் பிதுக்கினான். ஹைபிரிட், பெற்றோல் மிச்சம், எல்லாம் சரி. ஆனால் இழுவை என்று வந்தால் தோட்டக் குப்பை ஏற்றும் சின்ன ட்ரெய்லர்தான். அதற்கு மேல் முக்கும்.

பக்கத்தில் நின்ற பெரியதைக் காட்டினான். அதுவும் ஹைபிரிட்தான், சக்கரம் வைத்த வீடு மாதிரியான கரவனையே இழுக்கும் என்றான்.

கரவன்.

அந்தச் சொல் கணவன் காதில் விழுந்ததா என்று பார்த்தாள். அவன் இன்னும் கதவோடு நின்றான்.

வேலையிடத்து மார்க்ரெட்டின் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கரவன் நிற்கிறது. கட்டில் இருக்கிறது. அடுப்பு இருக்கிறது. உள்ளிருந்து பூட்டுகிற கதவு இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, இழுத்துக்கொண்டு எங்கேயாவது போ என்று மார்க்ரெட் சொல்லிவிட்டாள்.

வேறெங்கே போவது? மெல்பேர்னில் எந்தத் தமிழ் வீட்டுக் கதவைத் தட்டினாலும் தேத்தண்ணி ஆறுவதற்குள் அவனுக்குத் தகவல் போய்விடும். சமாதானம் பேசி, சாப்பாடு கட்டிக் கொடுத்து, திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒருமுறை அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் கடைக்குப் போய்வந்தால் அவன் காரின் கிலோமீட்டரைப் பார்க்கத் தொடங்கினான். கராஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் மகள் பேச்சை நிறுத்தத் தொடங்கினாள்.

"எங்களுக்கேன் உந்தப் பெரிசு?"

கணவன் கிட்ட வந்திருந்தான்.

குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பழகிய பொய்யை எடுத்துவிட்டாள்.

"அம்மன்ர சப்பறத்தை இந்தமுறை நாங்களே இழுக்கலாமெண்டு நினைச்சன்."

இங்கே தெருவில் வடம் பிடிக்க வழியில்லை. சப்பறத்தை ட்ரெய்லரில் ஏற்றி, யாராவது ஒருவருடைய வாகனத்தில் கொழுவித்தான் அம்மன் வீதி சுற்றுவாள். போன வருடம் கோயில் தலைவரின் வாகனம். தலைவர் பட்டு வேட்டியோடு ஸ்டியரிங் பிடித்தார். இவன் பின்னால் தண்ணீர்ப் போத்தல் கொடுத்துக்கொண்டு நடந்தான். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அவன் முகம் மலர்ந்தது.

அவள் அந்த முகத்தைப் பார்த்து வெகுகாலம். அம்மன் பெயரில் பொய் சொன்னது உறுத்தியது. அம்மனும் பொம்பிளைதானே, பொறுப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பெரியதையே எடுப்பது என்று முடிவாயிற்று.

யார் பெயரில் பதிவது என்று இளைஞன் கேட்டான். கணவன் யோசிக்கவே இல்லை.

"உம்மட பேரில எடுப்பம். எனக்கு ஏழரைச் சனி முடியேல்லை."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. சனி பகவான் இவ்வளவு கடல் தாண்டி வந்து தன் பக்கம் நிற்பார் என்று எப்படி எதிர்பார்ப்பாள்? இனி அவன் பொலிசுக்குப் போனாலும் என் வாகனத்தைக் கொண்டுபோய்விட்டாள் என்று சொல்ல முடியாது.

சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. போக முடியாது என்பதற்கு இதுவரை ஒரு சாட்டு இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

பணம் கட்டி, அவள் கையெழுத்தும் போட்டதும் இளைஞன் சாவியைக் கொடுத்துவிட்டுப் பத்திரங்களின் பிரதியை எடுக்க உள்ளே போனான். முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாமாம்.

அவளையே ஓட்டச் சொன்னான் கணவன். கோயில் குழுவில் போட வீடியோ வேண்டும். ஓரமாகத் தள்ளி நின்று கைபேசியை உயர்த்தினான். அவனுக்குப் பின்னால் முற்றத்தின் படலை திறந்து கிடந்தது. அதற்கு அப்பால் பெருந்தெரு.

அவள் ஏறிக் கண்ணாடியைச் சரிசெய்தாள். பின்னிருக்கையில் ஏறியிருந்த மகளின் முகம் தெரிந்தது. வீட்டிலிருந்து கிளம்பியது முதல் வாயே திறக்காத பிள்ளை.

"அம்மா, இண்டைக்கே போறமா?"

மகளிடம் அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஒரு வார்த்தைகூட.

வெளியே அவன் கையை ஆட்டினான். சிரிக்கச் சொல்கிறான்.

அவள் சிரித்தாள்.

சிரிப்பு மாறாமலே மெல்லச் சொன்னாள்.

"பெல்டைப் போடு, குஞ்சு."

மகள் எப்போதோ போட்டிருந்தாள்.