சமனில் முடிக்கச் சொன்ன ஆட்டம்

கால்பந்து இறுதிப்போட்டி இடைவேளையில் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. சமனில் முடிந்தால் மறுநாள் திரும்ப ஆட வேண்டும். திரும்ப டிக்கெட் விற்கலாம். அணியும் போட்டியும் ஜவுளிக்கடை ராஜமணி அண்ணாச்சியுடையவை. அவர் தன் அணியின் பயிற்சியாளர் ததேயுஸின் தோளில் கை போட்டார்.

"ஜெயிக்கத நாளைக்கு ஜெயிச்சுக்கலாம் மக்கா. கேலரி இன்னொரு தடவ நெறையட்டு."

ததேயுஸ் தலையை மட்டும் ஆட்டினார். அவர் பயிற்றுவித்த எந்த அணியும் இதுவரை ஒரு கோப்பையைத் தொட்டதில்லை.

ஆட்டம் சமனிலேயே நின்ற கடைசி நிமிடத்தில் அவர் அணிக்குக் கார்னர் கிடைத்தது. ததேயுஸ் கோட்டருகே ஓடிவந்து தன் கோல்கீப்பரைப் பார்த்துக் கத்தினார். "லே பிரடி, போஸ்ட்ட விட்டுட்டு மேல ஏறுலே!"

"ஒனக்குக் கிறுக்கா? போஸ்ட்டு தொறந்து கெடக்கு!" என்று பின்னாலிருந்து அண்ணாச்சி அலறினார்.

நெட்டையன் பிரடி மைதானத்தை ஒரே ஓட்டத்தில் கடந்து, எல்லாத் தலைகளுக்கும் மேலே எழும்பிப் பந்தை முட்டினான். வலை குலுங்கியது. நடுவர் விசில் ஊதி முடிப்பதற்குள் கேலரி மொத்தமும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த அண்ணாச்சி, ததேயுஸை இடுப்போடு கட்டித் தூக்கினார்.

"ஒருநாள் வசூல மண்ணாக்கிட்டியே, பாவி" என்று காதுக்குள் திட்டினார். ஆனால் கீழே இறக்கவில்லை. தூக்கியபடியே மைதானத்தைச் சுற்றத் தொடங்கினார்.