நீள விசில்

எதிராஜுக்கு உடற்பயிற்சி மேல் திடீரென்று பற்று வந்ததைப் பார்த்து அவர் மனைவி சுசீலாவுக்கே சந்தேகம் தட்டியது. தெருமுனைக் கடைக்கும் சைக்கிளில் போகிற மனிதர், பொழுது விடியும் முன்பே எழுந்து பழைய கான்வாஸ் ஷூவுக்குச் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, இன்னா ஆச்சு உங்களுக்கு?"

"குவார்ட்டர்ஸ் கிரவுண்டுல இக்னேஷியஸ் மாஸ்டரு எக்சர்சைஸ் கிளாஸ் எடுக்கறாரே, அங்க போறேன். சம்பந்தியையும் வரச் சொல்லிகீறேன்."

"கோவிந்தராஜையா? அவரு எதுக்கு?"

எதிராஜ் உள்ளே எட்டிப் பார்த்தார். மகள் கோமளா தூங்கிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தினார்.

"அந்தாளு வேலூர் ஜெயில்ல இருந்தவராம். குமணன்சாவடில என் மச்சான் சொன்னான். ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்லியாம், ரொம்ப வருசமாம்."

சுசீலா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். பையனுக்கு ஆவடி ஃபேக்டரியில் வேலை, பட்டாபிராமில் சொந்த வீடு, வெற்றிலை பாக்குகூடப் போடாத பிள்ளை. அவன் வந்து பார்த்துவிட்டுப் போனதிலிருந்து கோமளா தனக்குத்தானே சிரித்துக்கொண்டு திரிகிறாள். அந்தச் சிரிப்பு நிலைக்க வேண்டுமே என்பதுதான் எதிராஜின் கவலை. அவருக்கு அவள் ஒரே பெண்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன அன்றைக்குப் பையனின் அப்பாவைப் பற்றிக் கேட்டபோது "கவர்மெண்டு உத்தியோகம், ரிட்டையர்டு" என்றார்கள். எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்டதற்கு, சம்பந்தியம்மா இன்னொரு கரண்டி கேசரியை வைத்துப் பேச்சை மாற்றிவிட்டாள். எதிராஜும் கேசரியில் மயங்கிவிட்டார்.

"அவரையே நேரா கேட்டுடுங்களேன்."

"கேட்டா ஆமான்னா சொல்வாரு? நான் வேற வழி வச்சிகீறேன்." எதிராஜ் ஷூவைக் கீழே வைத்தார். "ஜெயில்ல நீளமா ஒரு விசில் ஊதுவாங்க. எவன் எங்க நின்னாலும் டக்குனு குந்திக்கணும். கையைக் கட்டிகினு தலையைக் குனிஞ்சிக்கணும். வார்டரு வந்து தலையைத் தட்டித் தட்டி ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிகினே போவாரு. எண்ணாம எவனும் எழுந்துக்கக் கூடாது. வெளிய வந்து எத்தினி வருசம் ஆனாலும் அந்தப் பழக்கம் போவாதாம். சத்தம் கேட்டா முட்டி தானா மடங்குமாம்."

"இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது?"

"பேப்பர்ல போட்டிருந்தான்" என்று சொல்லிவிட்டு எதிராஜ் கிளம்பினார்.

கிரவுண்டில் குவார்ட்டர்ஸ் ஜனமே கூடியிருந்தது. புடவைக்குக் கீழே ஷூ போட்ட பெண்கள், மஃப்ளர் சுற்றிய ஆண்கள். கோவிந்தராஜ் முன்பே வந்துவிட்டார். நல்ல ஆகிருதி, முறுக்கு மீசை, மடித்துக் கட்டிய வேட்டி.

"வாங்க சம்பந்தி. இந்த வயசுல நம்மள எக்சர்சைஸ் பண்ண வச்சிட்டீங்களே."

"ஒடம்புக்கு நல்லதுங்க" என்றார் எதிராஜ். அந்த மீசையைப் பார்த்தால் கொலை கேஸாகவே இருக்கும் என்று தோன்றியது.

மாஸ்டரைத் தனியே அழைத்துப்போய், "கிளாஸ் முடியறப்ப எனக்கோசரம் நீளமா ஒரு விசில் ஊதுங்க மாஸ்டர். எல்லாரும் நிக்கறப்ப ஊதணும்" என்றார்.

"எதுக்கு சார்?"

"சும்மா ஒரு வெளாட்டுக்கு."

இக்னேஷியஸ் மாஸ்டர் கைகளைத் தட்டியே பயிற்சியை நடத்தினார். கையை மேலே தூக்கச் சொன்னபோது எதிராஜின் தோளில் ஏதோ சடக்கென்றது. குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னபோது அவரால் முட்டியைத்தான் தொட முடிந்தது. குதிக்கச் சொன்னபோது நாக்கு வெளியே வந்துவிட்டது. "மொத நாளு அப்பிடித்தான் இருக்கும் அண்ணாத்தே" என்று பக்கத்தில் குதித்த பருத்திப்பட்டு தாயம்மாள் ஆறுதல் சொன்னாள்.

கோவிந்தராஜோ சளைக்காமல் செய்தார். உள்ளே கல் உடைத்த உடம்பு, சளைக்குமா என்று எதிராஜ் பல்லைக் கடித்தார். மனசுக்குள் கோமளாவின் முகம் வந்து போனது. பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, ஜெயிலுக்குப் போனவன் வீட்டில் சம்பந்தம் வேண்டவே வேண்டாம் என்று முடிவு கட்டினார்.

கடைசியாக எல்லோரையும் நேராக நிற்கச் சொன்னார் மாஸ்டர். எதிராஜைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எதிராஜ் கோவிந்தராஜின் முட்டியை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

விசில் நீளமாக ஒலித்தது.

இரண்டு முட்டிகள் டக்கென்று மடங்கின. கைகள் கட்டிக்கொண்டன, தலை குனிந்தது. மற்றவர்களெல்லாம் நின்றபடியே திரும்பிப் பார்த்தார்கள்.

உட்கார்ந்திருந்தவர் எதிராஜ்.

அவர் உள்ளே இருந்தது தன் கல்யாணத்துக்கு முந்தின கதை. சுசீலாவுக்குக்கூடத் தெரியாது. எழுந்துவிடத்தான் நினைத்தார், கால் கேட்கவில்லை. "இன்னா அண்ணாத்தே, மயக்கமா?" என்றாள் தாயம்மாள். குனிந்த பார்வைக்கு எதிரே, மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே இரண்டு கால்கள் நிதானமாக நடந்து வந்து நின்றன.

மச்சான் சொன்னதில் பொய் இல்லை. கோவிந்தராஜ் வேலூர் ஜெயிலில் ரொம்ப வருஷம் இருந்தவர்தான், வார்டராக. பழக்கதோஷம் அவரையும் விடவில்லை.

எதிராஜின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "ஒண்ணு" என்றார் சம்பந்தி.